காவலும் கவியும்

மட்டக்களப்பிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் பெருந்தெருவிலே பிரயாணம் செய்கிறவனுக்குப் பெரிய நீலாவணை, மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்பதைத் தவிர வேறொன்றும் எளிதில் புலப்படுவதில்லை. கடைகளும் பள்ளிவாசல்களும் கோவில்களும் பாடசாலைகளும் இடைவெளியின்றி நிறைந்த இந்த ஒடுங்கிய மணற்கரையை வனத்தோடு இணைத்து எண்ணுவோர் அரியர். ஆயினும் கிழக்கே கடல், மேற்கே வயல், வயலுக்கு அப்பால் குளமும் சதுப்பும், அவற்றுக்கும் அப்பால் காடு என்று வரிசையாக விரிந்து கிடந்த நிலத்தில், ஆண்டின் ஒரு பாகத்தைக் கரையிலும் மற்றொரு பாகத்தைக் காட்டோரத்திலுமாகக் கழித்து ஜீவனம் நடத்திய மக்களின் ஊர்களே இவை. மாளிகைக்காடு, அட்டாளைச்சேனை, வரிப்பத்தான்சேனை என்னும் பெயர்களில் அந்தப் பழைய நிலைமை இன்றும் எஞ்சியிருக்கிறது.

இயற்கையை நாடிச் சென்று அதிலிருந்து கலையைச் சிருஷ்டித்தல் என்றதும் நம் மனத்தில் எழுகின்ற உருவம் பெரும்பாலும் ஒரு பிரயாணியினுடையதே: நகரத்தை விட்டுப் புறப்பட்டு, வனத்திலே சில காலம் திரிந்து, கண்டதைப் படமாகவோ பாட்டாகவோ ஊருக்குக் கொண்டுவருபவன். 1689 ஆம் ஆண்டில் ஜப்பானின் வடபுலத்தை நோக்கி நெடுந்தூரம் நடந்து, அந்த நடையின் பயனாக உரைநடையும் கவிதையும் விரவிய நூலொன்றை ஆக்கிய பாஷோ இத்தகையோரின் ஆதர்ச புருஷராவார். கல்முனைக் கரையின் வனக்கலை இவ்வழியிற் பிறந்ததன்று. இங்கே காட்டைப் பாடியவன் அதனைக் காண்பதற்கென்று போகவில்லை. நெல்லையும் மாட்டையும் காக்கும் பொருட்டு அங்கே இருக்க நேர்ந்தது, இருந்த இரவுகளிற் பாடினான். இந்தப் பேதம் கலையின் பொருளை மட்டுமன்றி அதன் வடிவத்தையும் ஓசையையும், அது யாரை நோக்கிப் பேசுகிறது என்பதையுங்கூட நிர்ணயித்தது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

பிரயாணியின் கலை இலங்கையில் இல்லாததன்று. மிகச் சிறப்பாகவே இருந்தது. 1752 முதல் 1757 வரை ஒல்லாந்த தேசாதிபதியாக விளங்கிய ஜோன் கிடியன் லோட்டன், கொழும்பிலே பிறந்த பீற்றர் கொர்னேலிஸ் டி பெவர் என்னும் சித்திரகாரரைக் கொண்டு இத்தீவின் பறவைகளையும் விலங்குகளையும் தீட்டுவித்தார். அச்சித்திரங்கள் லண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலையிலே பேணப்பட்டு வருகின்றன. லோட்டனின் பெயரைத் தேன்சிட்டு ஒன்று இன்றும் சுமக்கிறது. தீட்டிய கைக்கு உரியவரின் பெயர் அறிஞர்களின் அடிக்குறிப்புகளிலேயே தங்கிவிட்டது. பேராதனைப் பூந்தோட்டத்தில் 38 ஆண்டுகள் தாவரங்களை வரைந்த ஹர்மானிஸ் டி அல்விஸும் அவர் வழிவந்தோரும் இல்லாவிடின், ட்ரைமன் 1893 இல் வெளியிடத் தொடங்கிய இலங்கைத் தாவர நூலுக்கு அதன் வர்ணப் படங்கள் வாய்த்திரா. கொழும்பு நூதனசாலையிலே பணியாற்றிய ஜி. எம். ஹென்றி, தாமே எழுதித் தாமே படமும் வரைந்து 1955 இல் வெளியிட்ட இலங்கைப் பறவைகள் பற்றிய கைந்நூல், பறவையின் குரலையும் நடையையும் சொற்களிற் பிடிக்கும் ஆற்றலில் இன்றும் நிகரற்றது. இவையெல்லாம் உயர்ந்த சாதனைகளே. ஆயினும் இந்தப் படங்களில் பறவை இருக்கிறது, அதன் இறகின் நிறம் இருக்கிறது. அந்தப் பறவையால் ஒருவனுடைய விளைச்சலுக்கும் நித்திரைக்கும் நேர்ந்தது என்ன என்பது இல்லை. விஞ்ஞானச் சித்திரத்திற்கு அது தேவையுமில்லை.

வேறொரு வகைக் கலை இதே கிழக்குக் காடுகளிலே மிகப் பழங்காலந்தொட்டு இருந்துவந்தது. வேடுவரை ஆராய்ந்த செலிக்மன் தம்பதியர் 1911 இல் வெளியிட்ட தம் பெருநூலிலே, குகைச் சுவர்களிற் காணப்பட்ட சித்திரங்களைப் பற்றி எழுதுமிடத்து, அவற்றைத் தீட்டியவர்கள் பெண்கள் என்றும், சாம்பலை உமிழ்நீரிற் குழைத்து விரலாலேயே இழுத்தனர் என்றும் குறிக்கின்றனர். ஆடவர் வேட்டைக்குச் சென்றிருக்க, குகையிலே தங்கியிருப்போரின் பொழுதிற் பிறந்த கலை அது. காட்டிலே அலைந்தவனின் சித்திரமாக அன்றி, அலைந்தவனை எதிர்பார்த்திருந்தவளின் சித்திரமாக அது இருப்பது நமது ஆராய்ச்சிக்கு மிக முக்கியமான செய்தியாகும். ஏனெனில் கரையோரத்து நெல்வயல்களிலும் கலை பிறந்தது இத்தகைய தங்கலிலும் காத்திருத்தலிலுமே.

மாரிப்போகத்து நெல் வடகீழ்ப் பருவமழையை நம்பி ஐப்பசி, கார்த்திகையில் விதைக்கப்படும். மாசி, பங்குனியில் அறுக்கப்படும். விதைப்புத் தொடங்கியதும் வயலில் மேய்ந்த மாட்டுப்பட்டிகளை மேட்டுக்காடுகளுக்கு ஓட்டிச் செல்ல வேண்டும். அவற்றோடு பட்டிக்காரரும் போய்த் தங்க வேண்டும். கதிர் பால்பிடிக்கும் காலம் வந்துவிட்டால் காவல் தொடங்கும். பகலிலே குருவிகள், இரவிலே பன்றிகள், காட்டோர வயற்பரப்புகளான வட்டைகளில் யானைகள் என்று நெல்லுக்கு நாற்றிசையிலும் பகை. மரத்தின்மீதோ நாட்டிய கம்புகளின்மீதோ கட்டிய பரணில், கீழே தீ எரிய, நுளம்பும் பனியும் வாட்ட, ஒருவன் இராமுழுதும் கண்விழித்திருக்க வேண்டும். அவன் ஒரு முறை கண்ணயர்ந்தால் ஆறு மாதத்து உழைப்பும் கடனும் ஒரே இரவிலே பன்றிக் கூட்டத்தின் வயிற்றுக்குப் போய்விடும். பயிர்க்காவலை ரம்மியமான அனுபவமென்று வர்ணிக்கிறவர்கள் அதைச் செய்தவர்களாக இரார்.

இந்தப் பரணிலே பாடப்பட்டதே கவி. கிழக்கிலங்கையில் இச்சொல் பாடுபவனைக் குறியாமல் பாட்டையே குறிக்கும். நான்கு அடிகள், பேச்சுமொழி, அடியின் ஈற்றிலே மூச்சு உள்ளவரை நீளும் இராகம். இதன் இசையமைப்பைப் பற்றி எழுதுவோர் அதன் சோகத்தை வியந்து பேசுவது வழக்கம். சோகம் இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த நீட்சிக்கு முதற்காரணம் வயலின் தூரமும் இரவின் நீளமுமே என்று கொள்வது பொருத்தமாகும். விலங்கை விரட்டும் கூக்குரலும், அயற்பரணில் இருப்பவனுக்கு இங்கொருவன் விழித்திருக்கிறான் என்று அறிவிக்கும் அழைப்பும், தன்னைத் தானே உறங்கவிடாமல் வைத்திருக்கும் உபாயமும் ஆகிய மூன்று பிரயோஜனங்கள் ஒரே குரலிற் சேர்ந்தபோது, சொற்களைச் சுருக்கி ஓசையை நீட்டுகின்ற ஒரு வடிவம் உண்டாயிற்று. ஒருவன் பாடி முடித்ததும் அப்பாலிருந்து மற்றொருவன் எதிர்க்கவி பாடுவான். இருளிலே முகம் தெரியாத இருவருக்கு இடையில், நெற்பரப்பின் மேலாகச் சென்று சேரவேண்டிய கலை அது. ஆகவே நுணுக்கமான சங்கதிகளுக்கும் நீண்ட வாக்கியங்களுக்கும் அங்கே இடமில்லை.

கவியின் உட்பொருளோ பெரும்பாலும் காதல். மச்சானும் மச்சியும் பேசிக்கொள்ளும் பேச்சாக அது அமைந்திருக்கும். பல கவிகளில் முதலடிகள் வயலிலோ குளத்திலோ மரத்திலோ கண்ட ஒரு காட்சியைச் சொல்லி நிறுத்த, பின்னடிகள் நெஞ்சின் செய்தியை வெளியிடும். மலாய் மக்களின் பந்துன் என்னும் நான்கடிப் பாட்டிலும் இதனையொத்த அமைப்பு உண்டு. அங்கும் முதல் ஈரடிகள் இயற்கைக் காட்சி, பின்னிரண்டு மனிதர் விவகாரம். கடல் கடந்த தொடர்பு எதையும் இதைக் கொண்டு நிரூபிக்க நான் முற்படவில்லை. இயற்கையைத் தன் முன்னே கொண்டு வேலைசெய்யும் மனிதன், சொல்லக் கூசும் ஒன்றைச் சொல்லத் தொடங்குமுன் கண்ணெதிரே உள்ள பொருளைத் தொட்டுக்கொண்டு தொடங்குவது உலகப் பொதுவான மனப்பாங்காக இருக்கலாம். கவியிலே வருகின்ற கொக்கும் கிளியும் நாவலும் பாலையும் அழகுக்காகக் கொண்டுவந்து ஒட்டப்பட்டவையல்ல என்பதே நாம் கவனிக்க வேண்டியது. பரணிலிருந்து பார்த்தால் அவையே தெரியும்.

சங்கப் பாடல்களிலே தினைப்புனங் காப்பவள் தலைவி. பகற்பொழுதிற் பரண்மீது இருந்து கிளி கடிவாள்; அங்கே தலைவன் வந்து சேர்வான். கல்முனைக் கரையில் இது தலைகீழாகிவிட்டது. பரணில் ஆண் இருக்கிறான், காலம் இரவு, கடியப்படுவது பன்றி, பெண் ஊரில் இருக்கிறாள், வந்து சேர்வதற்கு வழியில்லை. குறிஞ்சியின் களம் நெல்வயலுக்கு இடம்பெயர்ந்தபோது புணர்ச்சியின் பாட்டுப் பிரிவின் பாட்டாயிற்று. இதற்கு இப்பிரதேசத்தின் குடும்ப அமைப்பும் துணைபுரிந்தது. தாய்வழிக் குடிமுறை நிலவுகின்ற இவ்வூர்களில், தமிழராயினும் முஸ்லிம்களாயினும், வீடு பெண்ணுக்குச் சீதனமாகப் போகும்; மணந்தவன் மனைவியின் வீட்டுக்கு வந்து வாழ்வான். வீடு அவளுடையது, வயலும் வாடியும் பட்டியும் அவனுடைய இருப்பிடம். வீட்டுக்கும் காட்டுக்கும் இடையே உள்ள வெளி அப்படியே பெண்ணுக்கும் ஆணுக்கும் இடையே உள்ள வெளியாக அமைந்தமையால், வயலைப் பாடும்போதே பிரிவையும் பாடிவிட முடிந்தது. பெண்ணின் கூற்றாக அமைந்த கவிகள் பல உண்டு. அவற்றை ஆண்குரல் பரணிலே பாடும்போது, ஊரிலிருப்பவள் தன்னைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டிருப்பாள் என்பதை அவனே அவளாகி நடித்துப் பார்க்கின்ற ஒரு நாடகமும் அங்கே நிகழ்ந்துவிடுகிறது.

கவிகளை ஏட்டிலேற்றியவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். வித்துவான் வி. சீ. கந்தையா 1964 இல் வெளியிட்ட ‘மட்டக்களப்புத் தமிழகம்’ இப்பிரதேசத்தின் நாட்டுப்பாடல்களுக்கு உரிய கௌரவத்தை அளித்தது. பின்னர் நிந்தவூரைச் சேர்ந்த எஸ். முத்துமீரான் முஸ்லிம் கிராமங்களிலே வழங்கிய கவிகளையும் பிற நாட்டார் வழக்குகளையும் தேடித் தொகுத்து நூல்வடிவிலே தந்தார். இத்தொகுப்புகளைப் படிக்கையில் எனக்கு ஒரு மனக்குறை உண்டாவதுண்டு. அச்சிலே நான்கு வரிகள் நான்கு விநாடியிற் படித்து முடிகின்றன. பரணில் அவை ஓர் இரவின் பெரும் பகுதியை நிரப்பியிருக்கும். எதிர்க்கவி வரும்வரை நிலவிய மௌனமும் அந்தக் கவியின் ஓர் உறுப்பே; அதனை எந்தத் தொகுப்பாசிரியராலும் அச்சிட இயலாது.

காட்டுவழிப் பயணம் என்றதும் கதிர்காம யாத்திரையை நினைவுகூராமல் இருக்க முடியாது. ஆடி மாதத்துத் திருவிழாவை நோக்கி வடக்கேயிருந்து நடந்துவரும் அடியார்கள் இக்கரையோர ஊர்களைக் கடந்து, திருக்கோவில், பொத்துவில், பாணமை வழியாக உகந்தையை அடைந்து, அங்கிருந்து குமணைக் காட்டினூடாக நாட்கணக்கில் நடந்து செல்வர். அரோகரா முழக்கம் அந்த யாத்திரையின் இசை. கதிர்காமத்திலே முஸ்லிம்களுக்கும் ஒரு பள்ளிவாசல் உண்டு. வனத்திலும் கடலிலும் வழிதவறியோருக்குத் துணைவருபவராக முஸ்லிம் உலகம் முழுவதும் போற்றப்படுகின்ற கிள்ர் நபியின் நினைவோடு அது இணைந்திருக்கிறது. ஒரே காட்டின் முடிவிலே இரு சமயத்தாரும் தத்தமக்குரிய துணைவரைக் கண்டுகொண்டனர் என்பது தனியே ஆராயத் தக்க விஷயம். இங்கே அதனைக் குறிப்பிட்டு மேலே செல்கிறேன்.

பிரயாணியின் கலைக்கும் அங்கேயே வாழ்பவனின் கலைக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரே பொருளில் வைத்துப் பார்ப்பதற்கு மட்டக்களப்பு வாவியின் பாடுமீன் அரிய வாய்ப்பைத் தருகிறது. 1848 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்திலே மட்டக்களப்புக்கு வந்த குடியேற்ற நாட்டுச் செயலாளர் எமர்சன் டெனன்ட், இரவிலே தோணியேறி வாவியின் நடுவே சென்று, நீரின் அடியிலிருந்து எழுந்த இன்னோசையைச் செவிமடுத்தார். ஓடக்காரர்கள் அது ஊரி எழுப்பும் ஓசை என்று அவருக்குச் சொன்னார்கள். அவர் உடனே அந்தச் சிப்பியினத்தை எடுப்பித்து, அதன் விஞ்ஞானப் பெயரை அறிந்து, தம் நூலிலே குறித்துவைத்தார். உண்மையான ஆர்வமும் நேர்மையும் உடைய வர்ணனை அது என்பதிற் சந்தேகமில்லை. ஆனால் ஓசை எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியோடு அவருடைய தேட்டம் நின்றுவிட்டது.

கல்முனைக்குத் தெற்கே அண்மையிலுள்ள காரைதீவிலே 1892 இல் பிறந்த சுவாமி விபுலானந்தர் அதே ஓசையை அணுகிய முறை வேறு. அவர் இரசாயனம் கற்பித்தவர். லண்டன் சர்வகலாசாலையின் விஞ்ஞானப் பட்டதாரி. ஆதலின் இயற்கையைப் பற்றிய மயக்கங்களுக்கு எளிதில் ஆட்படக் கூடியவரல்லர். அவ்வாறிருந்தும், பழந்தமிழர் யாழின் நரம்புகளை ஆராய்ந்து அவர் இயற்றிய ‘யாழ் நூல்’ பாடுமீனின் ஓசையைத் தள்ளிவிடவில்லை. நீருள் வாழும் அரமகளிர் பாடுவதாக அவ்வோசையைக் கற்பனை செய்து, செய்யுளாக்கி, தம் இசையாராய்ச்சியோடு அதனைப் பிணைத்து வைத்தார். அந்நூல் 1947 ஜூன் மாதத்தில் திருக்கொள்ளம்பூதூரிலே அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் மறைந்தார். ஓசையின் சுருதி என்ன, அதற்கும் நாம் பாடும் இசைக்கும் உறவு என்ன என்று கேட்பதற்கு, அவ்வோசையைப் பிள்ளைப்பிராயம் முதல் ஊரின் பேச்சோடு பேச்சாகக் கேள்விப்பட்டிருக்கிற ஒருவருக்கே தோன்றும். 1950களிலே இயேசு சபைக் குரவர் ஒருவர் அந்த ஓசையை ஒலிப்பதிவு செய்து வானொலியிலும் கேட்கச் செய்தார். அதுவும் நல்ல காரியமே. எனினும் பாடுமீனைத் தமிழ்க் கலைக்குள் குடியேற்றியவர் சுவாமியே என்று நான் கருதுகிறேன்.

சொல்லும் இசையும் இவ்வாறு வளர்ந்த கரையிலே சித்திரம் ஏன் வளரவில்லை என்று வினவலாம். உயிருள்ளவற்றின் உருவை வரைவதிலே முஸ்லிம் மரபு காட்டிய தயக்கம் ஒரு காரணமென்பது வெளிப்படை. ஆயினும் கண்ணுக்குரிய கலை இங்கே அடியோடு இல்லாமற் போகவில்லை. அது நிலத்திலே விரிக்கப்பட்டிருந்தமையால் ஆராய்ச்சியாளர் பலர் அதன்மீது அமர்ந்துகொண்டே அதைக் காணத் தவறிவிட்டனர். குளங்களிலும் சதுப்புகளிலும் வளரும் பன்னை அறுத்து, வெயிலிலே காயவைத்து, ஒரு பகுதியைச் சாயத்தில் அவித்தெடுத்து, தறியின்றிக் கையாலேயே பாய் இழைப்பது இவ்வூர்ப் பெண்களின் கைத்தொழில். பன்னின் இயற்கையான வெளிர்நிறமும் சாயத்தின் சிவப்பும் பச்சையும் ஊதாவும் குறுக்கும் நெடுக்குமாகச் சேர்ந்து கட்டங்களாகவும் சாய்கோடுகளாகவும் விரியும்போது, எந்த விலங்கின் உருவும் இன்றியே சதுப்பு நிலம் வீட்டுக்குள் வந்துவிடுகிறது. பன்னுக்கு நல்ல மழையும் கலங்காத நீரும் வேண்டும். குளம் தூர்ந்து கரையிலே மண் நிரப்பப்பட்டால் முதலிற் பாதிக்கப்படுவது பாய்க்காரியின் ஜீவனோபாயம். ஆகவே ஒரு பிரதேசத்து நீர்நிலைகளின் ஆரோக்கியத்தை அவ்வூரின் பாய்களைக் கொண்டே மதிப்பிட்டுவிடலாம். இறக்குமதியான பிளாஸ்டிக் பாயின் மலிவு இத்தொழிலை நலிவித்தது. அத்தொழிலோடு சதுப்பைப் பற்றிய பெண்களின் அறிவும் நலிந்து வருகிறது.

வனத்தோடு இம்மக்களுக்கிருந்த உறவு இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அடிப்படையாகவே மாறியது. 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் பட்டிப்பளை ஆற்றை இங்கினியாகலையிலே மறித்துச் சேனாநாயக்க சமுத்திரத்தை உண்டாக்கிற்று. காடாகக் கிடந்த பெருநிலம் குடியேற்ற வயலாயிற்று. 1954 இல் நீர்த்தேக்கத்தைச் சூழ்ந்த காடு தேசியப் பூங்காவாக்கப்பட்டது. 1961 இல் அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிந்தது. நீர்ப்பாசனத்தால் கரையோர விவசாயிக்கு நன்மை விளையவில்லை என்று சொல்வது பொய்யாகும். ஆனால் காடு இரண்டாக வகுக்கப்பட்டுவிட்டது: ஒரு பாகம் வயல், மற்றொரு பாகம் பூங்கா. முன்னதிலே விலங்குக்கு இடமில்லை. பின்னதிலே பட்டிக்காரனுக்கு இடமில்லை. வட்டமடுப் போன்ற மேய்ச்சற்றரைகளைப் பற்றிப் பட்டிக்காரருக்கும் விவசாயிகளுக்கும் இடையே நீண்ட பிணக்குகள் எழுந்தன. பின்பு யுத்தம் வந்தது. குமணைப் பூங்கா 1985 முதல் 2003 வரை மூடிக்கிடந்தது. வயலுக்கு இரவிலே சென்று தங்குவதென்பது பன்றிக்கும் யானைக்கும் அஞ்சுகிற காரியமாக இருந்த நிலை போய், மனிதருக்கு அஞ்சுகிற காரியமாயிற்று.

கல்முனைப் பிரதேசத்தின் நவீன கவிதை இந்த மாற்றத்தின் காலத்திலேயே செழித்தது தற்செயலானதன்று. பெரிய நீலாவணையிலே 1931 இல் பிறந்து 1975 இல் மறைந்த நீலாவணன், வயல் வாழ்வை நெருங்கியிருந்து கண்ட தலைமுறையைச் சேர்ந்தவர். அவர் மறைவுக்குப் பின் 1982 இல் நூலுருப் பெற்ற ‘வேளாண்மை’, கிழக்கிலங்கை உழவனின் வாழ்க்கையை அவனுடைய பேச்சோசையோடு காவியமாக்க முயன்றது. காவற்பரணின் குரல் அதன் அடிகளுக்குள்ளே நடமாடுகிறது. கல்முனைக்குடியிலே 1944 இல் பிறந்த எம். ஏ. நுஃமான், 1960களின் இறுதியிலே ‘கவிஞன்’ என்னும் சஞ்சிகையைக் கல்முனையிலிருந்து நடத்தியவர். ‘மழைநாட்கள் வரும்’ என்று 1983 இல் தம் தொகுதிக்குப் பெயரிட்டவர். அவரிடம் நிலம் ஒரு சமூகப் பிரச்சினையாகவும் தரிசனமாகவும் ஒருங்கே தோன்றுகிறது. பேச்சோசையைக் கவிதையின் அடிப்படையாகக் கொள்ள வேண்டுமென்று இவ்விருவரும் கொண்டிருந்த உறுதி, பக்கத்திலேயே கவி என்னும் உயிருள்ள உதாரணம் ஒலித்துக்கொண்டிருந்த மண்ணிலே எளிதிற் கைகூடியது என்றே நினைக்கிறேன்.

அடுத்த தலைமுறையில் 1957 இல் கல்முனையிலே பிறந்த சோலைக்கிளி வருகிறார். அவருடைய புனைபெயரே ஒரு பறவை. ‘நானும் ஒரு பூனை’ 1985 இலும், ‘காகம் கலைத்த கனவு’ 1991 இலும், ‘பாம்பு நரம்பு மனிதன்’ 1995 இலும் வெளிவந்தன. பெயர்களே போதும், விலங்கு இப்போது எங்கே இருக்கிறது என்பதை அவை காட்டிவிடுகின்றன. கவியிலே வந்த கொக்கு வயலில் நின்றது, பாடியவன் பரணில் இருந்தான், இருவருக்கும் இடையே ஒரு தூரம் இருந்தது. சோலைக்கிளியிடம் அந்தத் தூரம் அழிந்துவிட்டது. பூனையும் காகமும் பாம்பும் கவிஞனின் உடலுக்குள்ளும் கனவுக்குள்ளும் புகுந்துவிட்டன. மரம் பேசுகிறது, பறவை குற்றஞ்சாட்டுகிறது, மனிதன் பிராணியாகிறான். இதனை மேனாட்டு மிகைநடப்பியலின் செல்வாக்காக விளக்க முயன்ற விமர்சகர்கள் உண்டு. எனக்கு அவ்விளக்கம் திருப்தியளிக்கவில்லை. காட்டுக்குப் போகும் பாதை அடைபட்ட காலத்திலே வளர்ந்த ஒரு கவிஞனுக்கு, முன்னோர் வெளியிலே கண்டு பெயர் சொல்லிப் பாடியவை எல்லாம் உள்ளே வந்து குடிகொண்டு உருவகமாவது இயல்பு. பயங்கரமான காலத்தில் மனிதர்களின் பெயரைச் சொல்லிப் பேச முடியாதவிடத்து விலங்குகளைக் கொண்டு பேசும் வசதியும் அதனோடு சேர்ந்துகொண்டது. முந்தைய கலைக்கு இது குறைந்ததென்று நான் கூறமாட்டேன். ஆனால் அக்கலையின் முக்கியமான ஒரு குணம் இதில் இல்லை: கவியைக் கேட்டு எதிர்க்கவி பாட அயற்பரணில் ஒருவன் இருந்தான், அச்சிட்ட கவிதையை வாசகன் தனியே இருந்து படிக்கிறான்.

யுத்தம் முடிந்தபின் பாதைகள் திறந்தன. குமணைக்கும் லாகுகலைக்கும் ஜீப் வண்டிகள் போகின்றன. கமராவோடு செல்லும் இளைஞர்களின் படங்களிலே கூழைக்கடாவும் நாரையும் மிகத் தெளிவாக விழுகின்றன. டி பெவரின் சித்திரங்களிற் போலவே இவற்றிலும் பறவை நிலத்திலிருந்து தனியே பிரித்தெடுக்கப்பட்டு நிற்கிறது. கல்முனைக் கரையின் மகன், தன் பாட்டன் தொழில் நிமித்தம் தங்கிய காட்டுக்கு, இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முந்திய தேசாதிபதியின் சித்திரகாரரைப் போல விருந்தாளியாகப் போய் வருகிறான்.

காட்டு விலங்குகளோ இதற்கு எதிர்த்திசையிலே பயணம் செய்கின்றன. அம்பாறை மாவட்டத்துப் பள்ளக்காட்டிலே 2008 இல் அமைக்கப்பட்ட குப்பை மேட்டிற்குச் சுற்றுவட்ட ஊர்களின் கழிவுகள் கொண்டுவந்து கொட்டப்பட, காட்டு யானைகள் அங்கே கூட்டமாக வந்து உணவோடு பிளாஸ்டிக்கையும் விழுங்கத் தொடங்கின. எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 20 யானைகள் இவ்வாறு மாண்டன என்று 2022 ஜனவரியில் செய்திகள் வெளிவந்தபோது, அந்தப் படங்கள் உலகமெங்கும் பரவின. பிரயாணியின் கண்ணுக்கு அது ஓர் அவலக் காட்சி; படம் எடுத்ததும் அவன் கடமை தீர்ந்தது. அந்த யானையை ஒரு காலத்திலே பரணிலிருந்து விரட்டியவனின் பேரன் இரவிலே அதே யானைக்கு வெடி கொளுத்துகிறான், பகலிலே அதற்கு உணவாகும் குப்பையைத் தன் வீட்டு வாயிலிலே கட்டி வைக்கிறான். அச்சமும் குற்றமும் உறவும் ஒருங்கே கலந்த இந்த நிலைமையைச் சொல்வதற்குப் பறவைப் படத்தின் சௌந்தரியமும் போதாது, உள்முகமான உருவகமும் போதாது. பக்கத்து வயற்காரனை விளித்துப் பேசுகின்ற, அவனிடமிருந்து பதிலையும் எதிர்பார்க்கின்ற பழைய கவியின் அமைப்பே இதற்கு மிகவும் ஏற்றதென்று எனக்குத் தோன்றுகிறது.

அவ்வமைப்பு உயிரோடிருப்பதற்கு வேண்டிய சூழ்நிலைமைகளில் பாதி இன்றும் அப்படியே இருக்கிறது. காட்டோர வட்டைகளிலே பரண் கட்டுகிறார்கள். கதிர் பால்பிடிக்கும் காலத்தில் இராக்காவல் இருக்கிறார்கள். யானை வெடியும் மின்சூளும் கைவசம் உண்டு. மறைந்துபோனது மற்றப் பாதி. காவற்காரனின் சட்டைப்பையிலே கைப்பேசி இருக்கிறது. யானை எந்த வரம்பைத் தாண்டியது என்பதை அயற்பரணுக்கு அறிவிக்க ஒரு நிமிஷப் பேச்சுப் போதும். விடியும்வரை விழித்திருக்கத் திரையிலே ஏதேனும் ஒன்று ஓடிக்கொண்டேயிருக்கும். மூச்சை நீட்டி நான்கடி பாட வேண்டிய அவசியம் அவனுக்கு இல்லை.